தெர்தியுவின் கை



சில மாதங்களுக்கு முன் வீடு சந்திப்பின்போது, தனியே வசிக்கும் ஒரு தாயாரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஜெபித்து முடித்தபின் மகனைப் பற்றி விசாரித்தேன். மகன் கனடாவில் இருக்கிறார். "தம்பி மறந்துட்டான் ஐயா. வேலை இருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேஜையின்மேல், மகன் வாங்கிக் கொடுத்த கைபேசி ஒரு கைக்குட்டையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய அனுமதியோடு அதைத் திறந்து பார்த்தேன். வாட்ஸ்அப்பில் மகனிடமிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட குரல் பதிவுகள் வந்திருந்தன. ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. இடையிடையே ஏற்கப்படாத அழைப்புகளும் இருந்தன.

நடந்தது இதுதான். கைபேசியில் மணியோசை வரும்போதெல்லாம் அது விளம்பரச் செய்தி என்று அந்தத் தாயார் எண்ணியிருக்கிறார்கள். அழைப்பு வந்தபோது பழைய பொத்தான் கைபேசியில் அழுத்துவதைப் போலப் பச்சை வட்டத்தை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். அதை மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுபக்கத்தில் மகனோ, தன் செய்திகளின் அருகே இருந்த குறிகள் நீல நிறமாக மாறாததைக் கண்டு, வீட்டை விற்பது பற்றித் தான் பேசிய பேச்சினால் தாயின் மனம் நொந்துவிட்டது என்று நினைத்து மருகிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் நேசித்தார்கள். இருவரும் தாங்கள் கைவிடப்பட்டதாக எண்ணினார்கள். நடுவே இருந்த தடை, ஒரு விரலை மேல்நோக்கி நகர்த்தத் தெரியாமை மட்டுமே.

அன்பானவர்களே, இந்த வாரம் என் மனதில் இருக்கும் பாரத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்குக் கைபேசி வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அதைப் பயன்படுத்தப் பொறுமையோடு கற்றுக்கொடுப்பதும், தாய் தகப்பனைக் கனம்பண்ண வேண்டும் என்ற கற்பனைக்குக் கீழ்ப்படிவதில் அடங்கும்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் தெர்தியு என்ற பெயர் ஒரே ஒரு முறை வருகிறது. பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தைத் தன் கையால் எழுதினவர் அவர். உபதேசம் பவுலுடையது; எழுதிய கை தெர்தியுவினுடையது. அந்தக் கை இல்லாமல் அந்த வார்த்தைகள் ரோமாபுரியிலிருந்த சபைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்? இன்னொன்றையும் கவனியுங்கள். கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் முடிவில் பவுல் தாமே எழுதுகோலை எடுக்கிறார். தாம் பெரிய பெரிய எழுத்துக்களில் எழுதுவதாக அவர் குறிப்பிடுவது கிரேக்க மூலத்தில் தெளிவாகத் தெரிகிறது. அவருடைய கண்பார்வை மங்கியிருந்ததே அதற்குக் காரணம் என்று கருதுகிற வேத அறிஞர்களும் உண்டு. உதவுகிறவர் எப்பொழுதும் தாமே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. முதியவருடைய கையும் எழுத வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

நாமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். "குடுங்கப்பா, நானே அனுப்பிடுறேன்" என்று கைபேசியைப் பிடுங்குகிறோம். இரண்டாம் முறை கேட்டால், "நேத்துதானே சொன்னேன்" என்று சலித்துக்கொள்கிறோம். நமக்கு 'அ' எழுத எத்தனை நாள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். சபை வேலையும் ஊழியமும் இருப்பதால் நேரமில்லை என்று சொல்லுகிறவர்கள், மாற்கு 7-ம் அதிகாரத்தில் ஆண்டவர் கொர்பானைக் குறித்துச் சொன்னதை மறுபடியும் வாசியுங்கள். தேவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைத் தவிர்த்தவர்களை அவர் மெச்சிக்கொள்ளவில்லை.

எப்படிக் கற்றுக்கொடுப்பது? முதலாவது, கைபேசியின் அமைப்புகளில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். வாட்ஸ்அப்பின் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். அடிக்கடி பேசும் மூன்று பேரின் உரையாடல்களை மேலே நிலைத்து நிற்கும்படி பொருத்தி வையுங்கள். ஒவ்வொருவருக்கும் முகம் தெரியும் படத்தை வையுங்கள். பெயரை வாசிப்பதைவிடப் பேரனின் முகத்தைக் கண்டுகொள்வது எளிது. இரண்டாவது, தட்டச்சு செய்வதில் தொடங்காதீர்கள். குரல் பதிவில் தொடங்குங்கள். ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துப் பேச வேண்டும், விரலை எடுத்தால் செய்தி போய்விடும்: முதல் வாரத்திற்கு இது போதும். அழைப்பை ஏற்பது அடுத்த வாரம். படம் அனுப்புவது அதற்கடுத்த வாரம். மூன்றாவது, படிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர்களே தங்கள் கையால் எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். விரல் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இதில் ஆபத்துகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. காவல்துறை அதிகாரி வேடத்தில் வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டி, வாழ்நாள் சேமிப்பைப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. பணம் கேட்டு மகன் பெயரில் செய்தி வந்தாலும், அவனுடைய குரலைக் கேட்காமல் அனுப்பக்கூடாது. ஏமாற்றப்பட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இவற்றை அதே நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். "எது நடந்தாலும் திட்டமாட்டேன், முதலில் என்னிடம் சொல்லுங்கள்" என்று வாக்குக் கொடுங்கள். ஏமாந்த முதியோர் வெட்கத்தினால் மறைப்பதும், பிள்ளைகளின் கோபத்திற்குப் பயந்து மறைப்பதுமே மோசக்காரருக்கு இரண்டாம் வாசலைத் திறந்துவிடுகிறது.

பொய்ச் செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைகள் மாறி வந்திருக்கிறது என்று பொருள். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்ற கற்பனை, பகிரும் விரலுக்கும் உரியதே. ஆயினும் இதில் முதியோரை மட்டும் குற்றப்படுத்தாதீர்கள். நம் சபைக் குழுவில் வரும் இப்படிப்பட்ட செய்திகளை அனுப்புகிறவர்களில் படித்த இளையவர்களும் குறைவில்லை.

இங்கே நான் ஒரு அறிக்கை செய்ய வேண்டும். சென்ற மழைக்காலத்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தின் இடத்தை மாற்றி, அதைக் குழுவில் மட்டும் அறிவித்தேன். சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் ஒரு பெரியவர், குடையோடு பழைய இடத்திற்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் குறைசொல்லவில்லை. "எனக்கு யாரும் சொல்லலை ஐயா" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. தவறு என்னுடையது. கற்றுக்கொள்ள விருப்பமில்லாதவரும், கற்றுக்கொள்ள முடியாதவரும் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த நமக்கு உரிமையில்லை. அவர்களை மறக்கவும் உரிமையில்லை. அவர்களுக்கு ஒரு சாதாரண அழைப்பு போதும்.

ஏனெனில் செய்தி, சந்திப்புக்கு ஈடாகாது. யோவானின் இரண்டாம் நிருபமும் மூன்றாம் நிருபமும் ஏறக்குறைய ஒரேவிதமாக முடிகின்றன. எழுத இன்னும் அநேக காரியங்கள் உண்டு, ஆனாலும் மையோடும் எழுதுகோலோடும் நிறுத்திக்கொள்ள விருப்பமில்லை, நேரில் வந்து பேசவே ஆசைப்படுகிறேன் என்கிறார் அந்த மூப்பர். நிருபத்தை அவர் அற்பமாக எண்ணவில்லை, எழுதித்தான் அனுப்பினார். ஆனால் நிருபம் எதற்காக என்பதை அறிந்திருந்தார். தூரத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் ஒரு பாலம். அடுத்த தெருவிலிருக்கும் பிள்ளைகள் "காலை வணக்கம்" படம் அனுப்பிவிட்டு வாசற்படி ஏறாமலிருப்பதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

அந்தத் தாயாரின் வீட்டில் அன்று நாங்கள் முதல் குரல் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கினோம். ஐந்தாவது பதிவில் பேத்தி ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டைப் பாடியிருந்தாள். தாயார் அதையே மறுபடியும் வைக்கச் சொன்னார்கள். நான் வைக்கவில்லை, எங்கே தொட வேண்டும் என்று காட்டினேன். விரல் நடுங்கியது, இரண்டு முறை தவறியது, மூன்றாம் முறை பாட்டு வந்தது. பிறகு மகனுக்குப் பதில் அனுப்பினார்கள். "தம்பி, சாப்பிட்டியா?" அவ்வளவுதான். கனடாவில் அப்போது நடு இரவு. ஆயினும் சில நிமிடங்களில் அழைப்பு வந்தது. பச்சை வட்டத்தை அவர்களே மேல்நோக்கி இழுத்தார்கள். நான் வெளியே திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

வாலிபப் பிள்ளைகளே, இந்த வாரம் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ ஒரு முதியவரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். அவருடைய கைபேசியில் கேட்கப்படாமல் கிடக்கும் செய்திகள் உண்டா என்று அன்போடு விசாரியுங்கள். ஒருவருக்குத் தெர்தியுவாக இருங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, சிலுவையின் வேதனையிலும் உம்முடைய குமாரன் தம்முடைய தாயை ஒரு சீஷனிடத்தில் ஒப்புவித்தாரே. எங்களை வளர்த்தவர்களுக்குச் சொன்னதையே மறுபடியும் சொல்லும் பொறுமையையும், அவர்கள் வாசலுக்குப் போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். தூரத்திலிருக்கும் பிள்ளைகளையும் காத்திருக்கும் பெற்றோரையும் உமது அன்பினால் இணைத்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.