ஆவாரைக்கும் ஒரு மூலை கொடுங்க!

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கொஞ்சம் யோசித்தால் வேடிக்கைதான். யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் ரோட்டோரத்திலும் தரிசிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடி அது!

ஆனால் தரிசு மனையாகும்போது ஜேசிபி முதலில் வழித்தெடுப்பது இந்தப் "புதரை"த்தான். ஒரு காலத்தில் இதன் பட்டைதான் தோல் பதனிட உதவியது. அவரை, துவரையின் குடும்பத்துச் செடிக்கு இன்று களை என்று பெயர்.

வளர்ப்பது சுலபம். காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுங்கள். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் லேசில் முளைக்காது. மணல்தாளில் லேசாக உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். மழைக்காலத் தொடக்கத்தில், வளர வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்த பிறகு கவனிப்பே தேவையில்லை.

குரோட்டன்ஸுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் ஒரு மூலை ஆவாரைக்கு ஒதுக்கினால் என்ன? முதலீடு நாலு விதை. லாபம், அடுத்தடுத்த பொங்கல்களுக்கு வாசலிலேயே பூ. இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு ஆவாரம்பூ கடையில் விற்கும் பொடியாக மட்டுமே தெரியும்.