நீச்சல் தெரியாத சனம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மணிமுத்தாறு அருவிக்குப் போய்வந்தேன். இதைச் சொன்னதும் இயக்கத் தோழர் ஒருவர் முகம் சுளித்தார். "சனங்க பட்டா கேட்டு நாயா அலையுது, ஒமக்கு அருவிக் குளியல் கேக்குதோ?"

கேட்கத்தான் செய்கிறது தோழர். ஏன் கேட்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வாரமெல்லாம் வங்கிக் கவுண்ட்டரில் அடுத்தவன் பணத்தை எண்ணுகிற குமாஸ்தா நான். லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே போவது அபூர்வம். வனத்துறை செக்போஸ்ட்டில் கட்டணம் கட்டி மேலே போனோம். வண்டியை நிறுத்திவிட்டு அருவிக்கு நடந்தோம். கொஞ்ச தூரம்தான். மகள் எங்களுக்கு முன்னால் ஓடினாள். அருவி ஒன்றும் அவ்வளவு உயரமில்லை. ஆனால் அதன் காலடியில் கிடக்கிற கசம் ஆழமானது, ஆளை விழுங்குவது. பச்சையும் கறுப்புமாகச் சுழல்கிறது தண்ணீர். ஒரு கையில் கம்பியையும் மறுகையில் மகளையும் பிடித்துக்கொண்டு தலையை நனைத்தேன். பக்கத்தில் ஒரு பையன் தன் அப்பா நீந்துகிற பெருமையை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். மகள் கேட்டாள்: "அப்பா, ஒனக்கு ஏன் நீச்சல் தெரியாது?"

"கத்துக்கலம்மா" என்றேன். பொய். கற்றுக்கொள்ள விடவில்லை என்பதுதான் நிஜம். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் அதை எங்கிருந்து தொடங்குவது?

எங்க ஊரில் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் ஆதிக்கச் சாதிக்காரர்களின் தோட்டக் கிணறுகள். தோண்டியவர்கள் எங்க தாத்தா கூட்டம். தூர் வாரியவர்கள் எங்க அய்யா கூட்டம். சகதி அள்ள இறங்கினால் தீட்டில்லை, வெயிலுக்குக் குதித்தால் தீட்டு. அய்யா பதினோரு வயசில் ஒரு சித்திரை மத்தியானம் குதித்துவிட்டார். ஏறி வரும்போது மேலே கயிற்றோடு நின்றிருக்கிறார்கள். முதுகில் அடித்தார்கள். டவுசரைப் பிடுங்கிக்கொண்டு தெருவரை அம்மணமாக நடக்கவிட்டார்கள். பாதையில் பொம்பளைகள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் அய்யா திரும்பத் திரும்பச் சொல்லுவார். அதற்குப் பிறகு அவர் ஆழத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. என்னையும் விடவில்லை. "தண்ணி பொல்லாதது, கிட்டப் போகாதல" என்பார். அவர் பயந்தது தண்ணீருக்கில்லை என்று புரிய எனக்கு இருபது வருசமானது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு ஒரு தகவல். 2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டத்தில் கிணற்றில் நீந்தியதற்காக தலித் சிறுவர்களை அம்மணமாக்கி பெல்ட்டால் அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படமும் பிடித்தார்கள். எங்க அய்யா காலத்தில் காமிரா இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழ் நாவலை எடுங்கள், கவிதையை எடுங்கள். கிணற்றில் பல்டி அடித்த பால்யம் எத்தனை பக்கம்! ஆற்றைத் தாய் என்று உருகாத கவிஞன் எத்தனை பேர்! நானும் கவிதை எழுதுகிறவன்தான். கேட்கிறேன்: அது யாருடைய பால்யம்? அந்தக் கிணற்றுக்கு வெளியே, குதித்தவர்களின் துணிமணிக்குக் காவலாக நின்ற பையன் எந்தப் பக்கத்தில் வருகிறான்? ஒரு சாதியின் ஞாபகத்தைத் தமிழனின் ஞாபகம் என்று விற்கிற வியாபாரம் இது.

மணிமுத்தாறு அருவியைத் தாண்டிப் போகிற ரோடு மாஞ்சோலைக்குப் போகிறது. அருவித் தண்ணீர் கீழே இறங்கி தாமிரபரணியில் கலக்கிறது. 1999 ஜூலை 23 அன்று அந்தத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி கேட்டுச் சிறைக்குப் போனவர்களை விடுதலை செய் என்று கேட்டு, திருநெல்வேலியில் கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனது. போலீஸ் அடித்து விரட்டியது. ஒருபக்கம் தடி, மறுபக்கம் ஆறு. சனங்கள் ஆற்றில் விழுந்தார்கள். இரண்டு பெண்களும் ஒரு சிறு குழந்தையும் உட்பட பதினேழு பேர் செத்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். பெரியவர்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது: "நீச்சல் தெரியாம செத்துட்டாங்களாம்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் விரட்டிவிட்டு, பிறகு தடியைத் தூக்கி ஆற்றுக்குள் விரட்டிவிட்டு, செத்த பிறகு நீச்சல் தெரியவில்லை என்று பிணத்தின் மேலேயே குற்றம் எழுதுகிறது அதிகாரம். ஆறு கொன்றதாம். நல்ல நீச்சல்காரன் தலையில் தடி விழுந்தாலும் அவன் மூழ்கத்தான் செய்வான். ஆனால் நீச்சல் தெரியாதது எங்கள் சனங்களின் குறைபாடு என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியாது. அது எங்கள்மேல் செய்யப்பட்ட காரியம்.

தோழர், நீங்கள் கேட்பது புரிகிறது. குடிதண்ணீர் உரிமை, நிலம் உரிமை, குளியல் உல்லாசம் என்கிறீர்கள். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலையும் கிணறும் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தாகம் தணிப்பதற்காக மட்டுமா அவ்வளவு தூரம் நடந்தார்கள்? நாங்களும் மனுசர்கள் என்று நிலைநாட்டத்தான். சாதி இந்துக்கள் நூற்றியெட்டுக் குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் சுத்தப்படுத்தினார்கள். மாட்டு மூத்திரம் சுத்தம், மனுசன் கை அசுத்தம். உயர்நீதிமன்றத்தில் குளம் நம் பக்கம் தீர்ப்பாக 1937 ஆனது. பிறகு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம் என்று நிறுத்தவில்லை. குளிக்கும் துறை என்று தனியாகச் சொல்கிறது. குடிக்கிற உரிமையோடு குளிக்கிற உரிமையும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. நாம்தான் பாதியை உல்லாசம் என்று ஒதுக்கிவைக்கிறோம். நம் பிள்ளைகளுக்குப் பசி மட்டும்தான் உண்டு, சந்தோசம் கிடையாது என்று ஆண்டைகள் நினைத்ததையே நாமும் நினைக்கலாமா?

அருவிக்குப் போனதைச் சொன்னபோது சக ஊழியர் ஒருவர் வேறு மாதிரி சொன்னார். "பாத்தீங்களா சார், அருவியில ஏது சாதி?" வாஸ்தவம். டிக்கெட் வாங்கி நிற்கிற இடத்தில் என்னை யாருக்கும் தெரியாது. சாதி போய்விட்டதால் வந்த சமத்துவமில்லை அது, அடையாளம் தெரியாததால் கிடைத்த இரண்டு மணி நேர விடுப்பு. என் தெருப் பெயர் தெரிந்த கிணற்றில் என் மகள் குதிக்கட்டும். யாரும் கயிற்றோடு வராமல் இருக்கட்டும். அப்புறம் பேசுவோம் சாதி இல்லை என்று.

இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் என் யோசனை இதுதான். இரவுப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், பறை சொல்லிக்கொடுக்கிறோம். நீச்சலும் சொல்லிக்கொடுப்போம். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகளுக்கு மாவட்ட விளையாட்டரங்க நீச்சல்குளத்தைக் கட்டணமில்லாமல் திறந்துவிடு என்று மனுக் கொடுப்போம். பொம்பளைப் பிள்ளைகளை முதலில் இறக்குவோம். ஏப்ரல் 14க்கு மாலை போடுகிற நாம், மார்ச் 20க்கு அவரவர் ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்குவோம். தடுக்கிறவன் யாரென்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் முதல் மகளை நீச்சலுக்கு அனுப்புகிறேன். நானும் சேருகிறேன். முப்பத்தேழு வயசில் தொப்பையோடு சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தண்ணீரில் கை கால் அடிக்கப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அய்யாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பிள்ளைய நல்லாக் குதிக்கச் சொல்லு" என்றார்.