வாசற்படி ஏறியவர்கள்

சிறைச் சீர்திருத்தம் வழக்கறிஞர்களின் வேலையாம். ஊர்க்கூட்டம் போடுவது வீணாம். இப்படிச் சொல்பவர் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தைப் பார்க்கட்டும். ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப் பன்னிரண்டு ஜூரர்களும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, பன்னிரண்டில் ஒன்பது பேர் போதும் என்று 1898-இல் விதி செய்தார்கள். கறுப்பின ஜூரரின் குரலைச் செல்லாக்காசாக்கவே அந்த ஏற்பாடு. 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பிறகு அதை வீழ்த்தியது யார்? பத்து ஜூரர்கள் ஒப்பி இருவர் மறுத்த தீர்ப்பால் 27 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த நாரிஸ் ஹெண்டர்சனும் தோழர்களும் மக்களிடம் போனார்கள். 2018-இல் வாக்காளர்கள் விதியை மாற்றினார்கள். உச்ச நீதிமன்றம் விழித்துக்கொண்டு, அப்படிப்பட்ட தீர்ப்பு செல்லாது என்றது 2020-இல்தான். வழக்காடியவர்களின் உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் 2021-இல் அதே நீதிமன்றம், ஏற்கெனவே முடிந்த வழக்குகளுக்கு அந்த 2020 தீர்ப்பு பொருந்தாது என்றது. அப்படித் தண்டிக்கப்பட்ட பலர் இன்னும் சிறையில்தான் இருக்கிறார்கள்.