பதக்கமும் படலையும்

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்திலே, ஜாக்சன்வில் நகரை அடுத்துள்ள இராணுவ முகாம் ஒன்றினுள் ஒரு சிறு நூதனசாலை உண்டு. மொன்ட்போர்ட் முனை மரீன் வீரர் நூதனசாலை என்பது அதன் பெயர். உலகப் புகழ்பெற்ற நூதனசாலைகளின் வரிசையில் அதனை எவரும் எண்ணுவதில்லை. எனினும், அரசுகள் மறக்க விரும்புவதை மக்கள் எவ்வாறு காத்து வைத்தல் வேண்டும் என்று சிந்திப்போர், அதன் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று என்போம்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில் அமெரிக்க மரீன் படையிலே கறுப்பினத்தவர் ஒருவரேனும் இருக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு காலமாக அப்படையின் கதவு அவர்களுக்கு அடைபட்டே கிடந்தது. 1941 ஆம் ஆண்டில் புகையிரதப் பணியாளர் சங்கத் தலைவர் பிலிப் ரண்டொல்ப், உரிமை கோரித் தலைநகர் நோக்கிப் பெரும் பேரணி நடத்தப் போவதாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குப் பின்னரே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் யூன் 25 ஆம் நாள் 8802 ஆம் இலக்கக் கட்டளையிற் கையொப்பமிட்டார். பாதுகாப்புத் தொழில்களிலும் அரசாங்க சேவையிலும் இனபேதம் காட்டுதலை அது தடை செய்தது. அதே ஆண்டிலேதான் மரீன் படைத் தளபதி ஹொல்கொம், இரண்டரை இலட்சம் கறுப்பரைக் கொண்ட படையிலும் ஐயாயிரம் வெள்ளையரைக் கொண்ட படையே தமக்கு மேலானது என்ற கருத்தைக் கூறியிருந்தார். கேளாது கிடைத்த உரிமை அன்று அது. வற்புறுத்திப் பெற்ற உரிமை.

கதவு திறந்தது, ஆனால் முழுதும் திறக்கவில்லை. 1942 ஆகஸ்டு 26 ஆம் நாள் முதற் கறுப்பின வீரர் பயிற்சிக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கென மொன்ட்போர்ட் முனையிலே தனி முகாம் ஒதுக்கப்பட்டிருந்தது. காட்டையும் சதுப்பையும் அடுத்த நிலத்திலே, நெருக்கடி மிகுந்த சிறு குடில்கள் அவர்களின் உறைவிடமாயின. அருகே இருந்த பெருமுகாமாகிய லெஜூனுக்குள் வெள்ளை வீரர் ஒருவர் துணைக்கு வந்தாலன்றி அவர்கள் நுழைதல் இயலாது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கலாம். நாட்டின் படலையைத் தனியே கடக்கலாகாது! இதனிலும் கொடிய முரண்பாடு வேறுண்டோ?

அவர்களுட் பெரும்பாலானோர் போர்முனைக்குத் தளவாடம் சுமக்கும் அணிகளிலேயே சேர்க்கப்பட்டனர். ஆயினும் 1944 யூன் மாதம் சைப்பான் தீவிலே, சுமை இறக்கச் சென்றோர் துப்பாக்கி ஏந்திப் போரிட நேர்ந்தது. அவர்களின் தீரத்தைக் கண்ட பின்னர், புதிய தளபதி வண்டெகிரிப்ட், கறுப்பின வீரர் இனிமேற் சோதனைக்குரியவர் அல்லர், அவர்களும் மரீன் வீரரே என்று அறிவித்தார். தகுதி முன்னரும் இருந்தது. காணும் கண்தான் பின்னர் வந்தது.

1948 இல் ஜனாதிபதி ட்ரூமன் படைகளிற் சமத்துவத்துக்குக் கட்டளையிட்டார். 1949 இல் அத்தனி முகாம் மூடப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே பயிற்சி பெற்றிருந்தனர். 1974 இல் அவ்விடத்துக்கு, அங்கே முதன்முதலிற் பயிற்சி ஆசிரியரான கறுப்பினத்தவருள் ஒருவராகிய கில்பர்ட் ஜோன்சனின் பெயர் சூட்டப்பட்டது. காங்கிரசின் தங்கப் பதக்கமோ 2012 இலேதான் வழங்கப்பட்டது. எழுபது ஆண்டுகள்! விதைத்தவர்களுட் பெரும்பாலோர் மண்ணோடு மண்ணாகிய பின்னர் அறுவடை வந்தது. பதக்கத்தின் பிரதிகளைப் பெறவேண்டிய குடும்பங்களைத் தேடும் வேலை அதன் பின்னரும் ஓயவில்லை.

இங்கேதான் அச்சிறு நூதனசாலையின் பணி பெரிதாகின்றது. 1965 இல் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த பழைய வீரர்கள், அரசு நினைக்கும் வரை காத்திருக்கவில்லை. தம் வாழ்வுக்குத் தாமே சாட்சி திரட்டத் தொடங்கினர். பெயரற்றோராய் மறைந்திருக்கக்கூடிய பல்லாயிரவரின் நினைவு இன்று ஓர் இடத்தில் நிலைத்திருக்கின்றதெனில், அது அம்முயற்சியின் பயனேயாகும்.

பழைய புண்ணைக் கிளறுவானேன், வீரத்தை மட்டும் காட்டினாற் போதாதோ என்று கேட்போர் எங்கும் உளர். போதாது என்பதே எமது விடை. பதக்கத்தை மட்டும் காட்டும் நூதனசாலை, அதனை வழங்கியவரின் பெருந்தன்மையைப் பாடும் மண்டபமாய் முடியும். படலையை மட்டும் காட்டினாலோ, துன்புற்றோர் வெறும் துன்பத்தின் உருவங்களாய்ச் சுருங்குவர். இரண்டையும் ஒருங்கே வைத்தாற்றான் காண்போருக்கு உண்மை விளங்கும்: மறுக்கப்பட்டவர்கள் கோரினர், உழைத்தனர், வென்றனர், மறுத்தவர்கள் பிந்தியே உணர்ந்தனர்.

காலம் கடுகிச் செல்கின்றது. அம்முகாமிற் பயின்றோரில் உயிரோடிருப்போர் இன்று மிகச் சிலரே. 2018 இல் வீசிய புளோரன்ஸ் புயல் லெஜூன் முகாமின் கட்டிடங்கள் பலவற்றைச் சிதைத்தது. மனிதரும் நிலையார், மனையும் நிலையாது. ஏட்டிலும் படத்திலும் பெயர்ப் பட்டியலிலும் பதிந்து காக்கப்படுவதே எஞ்சும். முதியோர் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைத்தல் எந்த மக்களுக்கும் தலையாய கடன். தம் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவார் எனக் காத்திருப்போர், பிறர் எழுதியதையே தம் வரலாறென ஏற்க வேண்டி வரும்.