பாவம் அந்த கியர்!

ஏ320நியோ விமானத்துல வர்ற பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம மக்கள் பாடறது ஒரே பாட்டுதான்: "எஞ்சினுக்குள்ள கியர் வெச்சா இப்படித்தான் ஆகும்!" சுத்தத் தப்புங்க.

முன்னாடி இருக்கற பெரிய விசிறி மெதுவா சுத்தணும், பின்னாடி டர்பைன் வேகமா சுத்தணும். ஒரே தண்டுல கட்டினா ரெண்டுக்கும் திருப்தி இல்ல. அதான் நடுவுல சுமார் 3க்கு 1 கியர். 16 சதவீதம் எரிபொருள் மிச்சம்னு சொல்லி வித்தாங்க, 2016ல பறக்க ஆரம்பிச்சுது.

அப்புறம் பெருசா தொல்லை குடுத்தது கியரா? 2018ல ஒரு சீல் (காத்து கசியாம தடுக்கற வளையம்). இந்தியாவுல 11 விமானம் தரையில. அடுத்து டர்பைன் பிளேடு உடைஞ்சுது. 2019 நவம்பர்ல இண்டிகோவோட 97 விமானத்துல எஞ்சினை மாத்தச் சொல்லி டிஜிசிஏ உத்தரவு. 2023ல உச்சம்: டர்பைன் தட்டு செய்யற உலோகப் பொடியில மாசு! 2015 கடைசியிலேர்ந்து 2021 வரைக்கும் செஞ்ச சரக்கு அது. கண்டுபிடிக்க இத்தனை வருஷமா?

"புதுசுன்னா அப்படித்தான்"னு வக்காலத்து வேற. எதுங்க புதுசு? சீல், பொடி உலோகம் எல்லாம் பல பத்து வருஷப் பழசு. சான்றிதழ் சோதனைக்குப் போறது ஒரு சில எஞ்சின்தான். டிசைன் சரியான்னு அது சொல்லும். ஆயிரக்கணக்குல தயாரிக்கறப்போ பொடி சுத்தமா இருக்கான்னு தொழிற்சாலைதான் பாக்கணும். அங்க கோட்டை விட்டாங்க.

2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு குடுத்தப்போ இந்த எஞ்சினைத்தான் கைகாட்டுச்சு. அவங்க கணக்கு வழக்கை முழுசா நம்ப வேண்டாம், சரி. ஆனா பாதி விமானம் எஞ்சின் இல்லாம நின்னா எந்தக் கம்பெனி தாங்கும், சொல்லுங்க?