நான்கு திரைகள், ஒரே சாட்சி

பங்குச்சந்தையை ஆராயும் தானியங்கி மென்பொருளை ஒரே கணினியில் நான்கு பிரதிகளாக ஓடவிடுகின்றனர் எங்கள் தீர்த்தமலை இளைஞர் சிலர். முதலீடு, வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய பணம். நான்கும் ‘வாங்கு’ என்றால் துணிந்து வாங்கலாமா என வினவுகின்றனர்.

ஹதீஸ் கலையில் இதற்கு விடை உண்டு. எண்ணங்களைப் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியை யஹ்யா இப்னு ஸயீதிடமிருந்து ஏராளமானோர் அறிவித்துள்ளனர். அவருக்கு மேலே உமர் (ரலி) அவர்கள் வரை வரிசை ஒற்றையாகவே செல்கிறது. அறிஞர்கள் அதனை ஏற்றது பின்னால் வந்தோரின் எண்ணிக்கைக்காக அன்று. அவ்வொற்றை வரிசையினரின் நம்பகத்துக்காக. ஒரே விலைத்தரவை ஒரே சூத்திரத்தில் இட்டுப் பார்க்கும் நான்கு பிரதிகளும் ஒரே அறிவிப்பாளர்தாம். சூத்திரம் தவறினால் நான்கும் சேர்ந்தே தவறும்.

பிரதிகள் பெருகினால் கண்காணிப்பதும் கடினம். அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனத்தில், எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் பழைய நிரல் தங்கிவிட்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கும் மேல் இழந்தனர். இங்கோ, எஃப் அண்ட் ஓ வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்ததாகச் செபியின் 2024 ஆய்வு கூறுகிறது.

ஆப்ஷன் வணிகம் மார்க்கத்தில் ஆகுமா என்பது இவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வி. ஆகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992ஆம் ஆண்டே ஜித்தாவில் தீர்மானித்துள்ளது. மென்பொருளைப் பற்றிக் கேட்க வருவோர் இதனைக் கேட்பதில்லை.