காஸ் ஹீட்டரை நாங்களே மாத்தினோம். இனி ஒருவரும் மாத்த வேண்டாம்

மானிப்பாய் உறவுகளே,

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்குகிற காலத்துக்கு முதல் வாசித்துவிடுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறோம். முதல் கோபம் எங்கள் மேல்தான், அதனால் எங்கள் வீட்டுக் கதையில் இருந்தே தொடங்குகிறோம்.

போன டிசம்பரில் லண்டனில் இருந்து மச்சான் குடும்பம் வந்தது. அதற்கு இரண்டு நாள் முதல் பாத்ரூம் காஸ் ஹீட்டர் நின்றுபோனது. எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு எந்த ஹீட்டரையும் கனகாலம் விடாது. கேத்தில் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலைக்கு ஆள் தேடினால் "நாளைக்கு வாறன்" என்பார், கிழமைக்குப் பிறகு வருவார். மச்சான் சொன்னார்: "நாலு நட்டும் ரெண்டு பைப்பும்தானே மச்சான். யூரியூப்பில எல்லாம் கிடக்கு. நாங்களே மாத்துவம்."

மாத்தினோம். பழையதற்கு ஒரு புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போயிருந்தது. புதியதன் வாய் அதற்குப் பொருந்தவில்லை. "இதுக்குப் பைப் தேவையில்லை" என்று வாங்கிய கடையில் சொல்லியிருந்தார்கள். நாங்களும் அந்த ஓட்டையைச் சீமெந்தால் அடைத்துவிட்டோம். திரெட் ரேப் சுற்றி, ஹோஸுக்குக் கிளிப் இறுக்கி, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. படம் எடுத்துக் குடும்பக் குறூப்பில் போட்டோம். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மழை. நுளம்புக்காக பாத்ரூம் யன்னலை மட்டையால் மறைத்திருந்தோம். ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள், மூன்றாவதாக மகள் போனாள். "தொம்" என்றொரு சத்தம். கதவை உடைத்துத் தூக்கி விறாந்தையில் கிடத்தினோம். கண் திறந்து "வாப்பா, தலை சுத்துது" என்றாள், வாந்தி எடுத்தாள். கொரோனா காலத்தில் வாங்கிய கருவியை விரலில் மாட்டினோம். 98 காட்டியது. "98 கிடக்கு, பயப்பட ஒண்டுமில்லை" என்று சொன்னதும் நாங்கள்தான். உம்மா சத்தம் போட்டிராவிட்டால் ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டு போயிருக்கமாட்டோம். காஸ் ஹீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் டொக்டர் முதலில் ஒட்சிசன் முகமூடியை மாட்டினார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினாள்.

இப்போது விசயத்துக்கு வருவோம்.

2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் காஸ் அடுப்பும் சிலிண்டர் இணைப்பும் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியது பற்றி அப்போது ஊரே பேசியது. சவர்க்கார நுரை, ரெகுலேற்றர், ஹோஸ் எல்லாம் அன்றுதான் எங்களுக்குப் பழக்கமாயின. நல்லதுதான். ஆனால் நாங்கள் படித்தது பாதிப் பாடம். கசிகிற காஸுக்குப் பயப்படப் பழகினோம். அந்தக் காஸ் மணக்கும், மணப்பதற்கென்றே அதில் மேர்கப்டன் கலக்கிறார்கள். எரிந்த பிறகு வருகிற காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூட்டில் நுரை பூசினால் அது தெரியாது, ஏனென்றால் அது மூட்டால் வருவதில்லை, சுவாலையில் இருந்து வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ காஸ் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கன மீற்றர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6 லீற்றர் சூடாக்கும் சாதாரண ஹீட்டர் மணிக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட எரிக்கும். ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரம் உள்ள பாத்ரூமில் இருப்பது 7 கன மீற்றருக்கும் குறைவான காற்று. மூன்று பேர் பத்துப் பத்து நிமிடம் குளித்தால் ஹீட்டருக்கு மட்டும் 5, 6 கன மீற்றர் தேவை. அறையில் ஒட்சிசன் குறையக் குறையத் தகனம் பூரணமாகாது, காபனோரொட்சைட்டு கூடும். அது ஈமோகுளோபினை ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் 98.

இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். வீட்டுச் சுவரில் அது எழுதியிருந்தபோது வாசிக்கத் தெரியவில்லை. இந்திய நகரங்களில் பூட்டிய பாத்ரூமுக்குள் காஸ் கீசரால் இறந்தவர்களின் செய்தி குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. "அது வடக்கே, குளிர் ஊர்" என்று தள்ளிவிட்டோம். பூட்டிய அறைக்கு எந்த ஊராயிருந்தாலும் ஒன்றுதான்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு சொல். உங்கள் லண்டனில் கூலிக்குக் காஸ் வேலை செய்கிறவர் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் இருக்கவேண்டும். வாடகை வீடென்றால் வருடாவருடம் சோதிப்பிக்க வேண்டும். கனடாவில், 2008இல் ஒன்டாரியோவின் வூட்ஸ்டொக்கில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் இதே வாயுவால் இறந்தார்கள். புகை வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. அதன் பிறகு 2013இல் வீடுகளுக்கு எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. அங்கே பொயிலரில் கைவைக்கப் பயப்படுகிற நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்கியதும் ஸ்பனரைத் தூக்குவதேன்? அங்கத்தைய உயிர் மட்டும்தான் உயிரா?

"ஆள் கிடைக்காது, கூலி கூட" என்பீர்கள். சரி. அப்படியென்றால் ஹீட்டரை விடுங்கள். விடியப்புறம் அள்ளுகிற கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாகத்தான் இருக்கும். முற்றத்து வெயிலில் வைத்த வாளித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வயதானவர்களுக்கு அடுப்பில் ஒரு பானை கொதித்தால் போதும். வசதி இருந்தால் சூரிய ஹீட்டர் பூட்டுங்கள், யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பில் வராது. "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்றும் சிலர் சொன்னார்கள். முதலில் ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன மார்க்கம்தான் எங்களது.

காஸ்தான் வேண்டுமென்றால் ஹீட்டர் பாத்ரூமுக்குள் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில், மழை படாத திறந்த இடத்தில் பூட்டுவியுங்கள், சுடுதண்ணீர்ப் பைப் மட்டும் உள்ளே வரட்டும். பயிற்சி உள்ளவர் பூட்டட்டும், சான்றிதழைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கடைக்காரர்களே, "எங்கே பூட்டப் போறியள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விற்றால் என்ன குறைந்துவிடும்? பெட்டிக்குள் இருக்கிற தாள் ஆங்கிலத்திலும் சீனத்திலும். 1848இல் இதே மானிப்பாய்க்கு வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அந்த ஊரில் இன்று ஒரு பக்க எச்சரிக்கை தமிழில் இல்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். கடையில் ஒட்டுங்கள்.

வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டு வரைபடத்தில் மலகூடக் குழி எங்கே என்று பார்க்கிறீர்கள். ஹீட்டர் எங்கே, புகை எங்கே போகும் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, குளிக்கும்போது தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் உடனே வெளியே வாருங்கள். யாராவது விழுந்தால் கதவை விரியத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்து வெளிக்காற்றில் கிடத்துங்கள். காஸை மூடுங்கள். 1990க்கு எடுங்கள். விரல் கருவியை நம்பாதீர்கள். டொக்டரிடம் "காஸ் ஹீட்டர்" என்று முதல் சொல்லாகச் சொல்லுங்கள்.

எங்கள் ஹீட்டரைக் கழற்றிவிட்டோம். அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்திருக்கிறோம். மகள் இப்போது கிணற்றடியில்தான் குளிக்கிறாள், பாத்ரூம் கதவைப் பூட்ட இன்னும் பயப்படுகிறாள். இந்தப் பதிவுக்குக் கட்டைவிரல் வேண்டாம். இன்று இரவு உங்கள் பாத்ரூமுக்குள் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், அது போதும்.